வாயால் ஏறும் பாலம்

கேள்வியைக் கேட்டு முடித்ததும் ஜெஸீமா ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை; காலைப் பார்க்கிறார். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு எதிரே, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சொன்ன பதிலைப் பேனையால் படிவத்தில் எழுதுவார். ஆள் விடைபெற்றுப் புறப்பட்டதும் முக்காட்டுக்குள் செருகியிருந்த பென்சிலை உருவி, அவர் எந்தப் பக்கமாகத் தெருவைக் கடக்கிறார் என்று பார்த்து, குறுக்கே பாய்ந்தால் ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு போடுவார். பேனை வாய்க்கு, பென்சில் காலுக்கு. பதினொரு வருடமாக இப்படித்தான்.

தண்ணீர் மீட்டர், வாகனத் தரிப்பிடம், புதிய பஸ் பாதை என்று இந்த நகரத்தில் எவர் எதைக் கட்ட நினைத்தாலும் மக்களுக்கு அது வேண்டுமா என்று கேட்டுவர ஜெஸீமாவைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாள்கூட வகுப்பில் நின்றதில்லை. ஆனாலும் ஃபைலையும் குடையையும் பார்த்து ஊரே 'டீச்சர்' ஆக்கிவிட்டது. இந்த முறை கொழும்புக் கம்பனி ஒன்று பாதசாரிகளுக்கு மேம்பாலம் கட்டப்போகிறது. லிஃப்ட் உண்டு, கூரை உண்டு, பாலத்தின் மேலேயே வரிசையாகப் பன்னிரண்டு கடைகள். படிவத்தில் ஏழாவது கேள்வி இது: 'மேம்பாலம் அமைந்தால் பயன்படுத்துவீர்களா?'

நூறு பேரில் தொண்ணூற்று நான்கு பேர் ஆம் என்கிறார்கள். வெயிலில் நின்று ஒரு பெண் மரியாதையாகக் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல இந்த ஊர்க்காரர்களுக்கு வாய் வராது. கலஹாவிலிருந்து சாமான் வாங்க வந்த புஷ்பம், இரண்டு கையிலும் பையோடு நின்று, "கட்டாயம் ஏறுவோம் டீச்சர். நீங்க இம்புட்டு நேரம் நின்னு கேக்குறீங்க, ஏறாம எப்படி?" என்று சொன்னார். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் அதற்கும் மேலே போய், எந்தப் பதிலை எழுதினால் டீச்சருக்கு வசதி என்று திருப்பிக் கேட்டார்.

சொல்லிவிட்டு எல்லோரும் செய்வது ஒன்றுதான். நடைபாதையிலிருந்து பொத்தென்று குதித்து, இரண்டு பஸ்களுக்கு நடுவே புகுந்து, மறுபக்கம் ஏறிவிடுவார்கள். முப்பது அடி தள்ளி, ஆட்கள் கடப்பதற்கென்றே மஞ்சள் கோடு இருக்கிறது. அதற்கு வெள்ளை அடித்து எத்தனையோ வருடமாயிற்று. எல்லோருக்கும் அது இன்னும் மஞ்சள் கோடுதான். அந்த முப்பது அடியை நடக்க மனமில்லாத கால், நாற்பத்திரண்டு படி ஏறுமா, இல்லை லிஃப்டுக்கு வரிசையில் நிற்குமா? ஆம் என்ற தொண்ணூற்று நான்கு பேரில் மஞ்சள் கோட்டுக்குப் போனவர்கள் பதினொரு பேர். அதிலும் இரண்டு பேர் பொலிஸ்காரர் நின்றதால் போனவர்கள். ஜெஸீமா அந்த இரண்டு பேருக்கும் கோட்டைப் பாதியாகப் போட்டார்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை கம்பனியிலிருந்து ஸ்ரீதரன் வருவார். நல்ல பிள்ளை, உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். இந்தப் பாலத்துக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று முப்பத்தொரு வரிப் பட்டியல் ஒன்று வைத்திருந்தார். மண்சரிவு, அடைமழை, சீமெந்து விலை, டொலர் விலை, வயரைப் பிய்க்கும் குரங்கு வரை எல்லாம் இருந்தது. ஆட்கள் ஏறாமல் விட்டால் என்பது எத்தனையாவது வரி என்று ஜெஸீமா கேட்டார். அதைத்தான் அக்காவின் தொண்ணூற்று நான்கு வீதம் தீர்த்துவைத்துவிட்டதே என்று ஸ்ரீதரன் சிரித்தார். ஜெஸீமா பென்சில் கோடுகளைக் காட்டினார். படிவத்தில் அதற்கு நிரல் இல்லையே என்று தலையைச் சொறிந்த பிள்ளை, கடைசியில் பார்க்கிறேன் என்று பிரதி எடுத்துக்கொண்டு போனது. அந்தப் 'பார்க்கிறேன்' எவ்வளவு தூரம் போகும் என்று ஜெஸீமாவுக்குத் தெரியும்.

கம்பனியின் தலைவலி கம்பனியோடு போயிருக்கும், கணவர் ஹபீல் மட்டும் அதில் தலையைக் கொடுக்காமல் இருந்திருந்தால். நிலையத்துக்கு எதிரே நடைபாதையோரம், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்கவேண்டிய கடை அவருடையது. காலுறை, தொப்பி, பெல்ட், குடை. பத்தொன்பது வருடம். பாலத்தின் படிக்கட்டை இறக்க இரண்டு இடங்கள் பார்த்திருக்கிறார்கள். ஒன்று ஹபீலின் கடை. விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்தால் மேலே நாலாம் நம்பர் கடை அவருக்கு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். வைத்த கையெழுத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

ஹபீலும் தன் பங்குக்கு ஆராய்ச்சி செய்திருந்தார். காலுறை வாங்க வந்த அத்தனை பேரிடமும் கேட்டாராம். அத்தனை பேரும் அண்ணன் முறை வைத்து, 'மேலே வந்து எடுப்போம், நானா' என்றார்களாம். தன்னிடமும் அப்படித்தான் சொல்கிறார்கள், அதுதான் பயம் என்றார் ஜெஸீமா.

"ஒங்கட தொழிலே ஆக்கள்ட கேட்டு எழுதுறதுதானே," என்றார் ஹபீல். "நீங்களே ஆக்கள நம்பாட்டி, பொறகு யார் நம்புற?"

இரண்டு பெண் பிள்ளைகளை ஆளாக்கிய கடை அது. அன்றிரவு ஜெஸீமா பென்சில் கோடுகளை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தார்.

வியாழன் பிற்பகல், கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து புதிய படிவம் ஒன்றை விரித்தார். பெயர் என்ன என்று கேட்டார். ஹபீல் முறைத்துவிட்டுச் சொன்னார். வயது கேட்டார். நிக்காஹ் எழுதும்போதே பார்த்ததுதானே, அதோடு இருபத்தாறைக் கூட்டிக்கொள்ளச் சொன்னார். அடுத்து ஏழாவது கேள்வி.

"ஏறுவேன். ஒரு நாளைக்கு நூறு தரம் ஏறுவேன். எழுதுங்க."

ஜெஸீமா எழுதினார்.

அந்த நேரம் பார்த்து, சற்று முன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் காலுறை வாங்கிய பெண்ணின் பார்சல் மேசையிலேயே கிடந்தது ஹபீலின் கண்ணில் பட்டது. அந்தப் பெண்ணோ எதிர்ப்பக்கம் ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறிவிட்டார். பஸ்ஸும் அசையத் தொடங்கிவிட்டது. ஹபீல் பார்சலைத் தூக்கிக்கொண்டு குதித்தார். ஒரு கையை நீட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தி, முச்சக்கர வண்டிக்கும் லொறிக்கும் நடுவே வயிற்றை எக்கிப் புகுந்து, ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்குள் பார்சலைத் திணித்தார். வந்த வழியே திரும்பியும் வந்தார். லொறிக்காரர் சிங்களத்தில் அவருடைய பார்வையைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்.

மூச்சிரைக்க நடைபாதையில் ஏறியபோது ஜெஸீமா கையில் பென்சில் இருந்தது. கோடு விழுந்துவிட்டது.

"அது அவசரத்துக்குப் போன," என்றார் ஹபீல்.

"இங்க வார எல்லாருக்கும் அவசரந்தான்."

ஹபீல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் ஒன்று வந்து நின்றது. இறங்கிய பத்துப் பன்னிரண்டு பேரும் மஞ்சள் கோட்டை ஏறெடுத்தும் பார்க்காமல், நேராகக் கடை வாசலுக்குக் குறுக்கே வந்து ஏறினார்கள். அதில் ஒருவர் நடந்தபடியே தொப்பி ஒன்றின் விலை கேட்டார். ஜெஸீமா எட்டாவது கேள்விக்கு வந்திருந்தார்: 'வேறு கருத்துகள் ஏதும் உண்டா?'

ஹபீல் உள்ளே போய், தொப்பி மாட்டும் ஸ்டாண்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து ஒரு அடி முன்னுக்கு இழுத்தார். எட்டிப் பார்த்தார். போதவில்லை போலிருக்கிறது; இன்னும் அரை அடி இழுத்து, ஆட்கள் கால் வைத்து ஏறுகிற அந்த விளிம்பிலேயே ஊன்றினார்.