கபாஜுங்குவும் பன்றிப் பொறியும்

கபாஜுங்கு ஒரு கொம்பன் யானையின் தும்பிக்கையை முடிச்சுப் போட்டு, கிபாலே காட்டுக்கு வெளியே தரதரவென்று இழுத்து வந்தவள். சரி, இது கொஞ்சம் அதிகம்தான். யானை இல்லை, காட்டுப்பன்றி. முடிச்சு இல்லை, வெட்டுக்கத்தி. இழுத்து வந்ததும் பன்றியை இல்லை, ஓர் ஆளை. மற்றபடி ஒவ்வொரு சொல்லும் உண்மை.

பச்சைச் சட்டை போட்ட வனக்காவலில் அவள் வேலை கண்ணி அறுப்பது. திருட்டு வேட்டைக்காரர்கள் சைக்கிள் பிரேக் கம்பியைச் சுருக்காக்கி, வளைத்த இளமரத்தில் கட்டி வைப்பார்கள். மான் கால் வைத்தால் மரம் விசுக்கென்று நிமிரும். கம்பி எலும்பு வரை இறங்கும். அப்படிக் கை அழுகி விழுந்த சிம்பன்ஸியையும், தன் காலைத் தானே கடித்து அறுத்துக்கொண்டு போன புனுகுப்பூனையின் மிச்சத்தையும் பார்த்தவள் அவள். அறுத்த கம்பிகளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அவள் வீட்டுத் துணிக்கொடி முழுக்க அந்தக் கம்பிதான்.

மரத்தின் மேல் சிம்பன்ஸிகள் ஒரு குரங்கை உயிரோடு பிய்த்துக்கொண்டிருக்கும். கீழே கபாஜுங்கு கேழ்வரகுக் களியை வேர்க்கடலைக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவாள்.

"மேல அவங்க விருந்து, கீழ நம்ம விருந்து," என்பாள், கூட்டாளி காஹ்வாவிடம்.

"அண்ணாந்து பேசாத. வாயில சொட்டிரும்," என்பான் அவன்.

அன்று காஹ்வா ஓடையின் அக்கரைக்குப் போயிருந்தான். இக்கரையில் பன்றி அலறும் சத்தம் கேட்டுக் கபாஜுங்கு ஓடினாள். பெரிய ஆண் பன்றி. பின்னங்காலில் கம்பி. சுற்றிச் சுற்றி வந்து சேற்றைக் கூழாக்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனதுதான் அவள் செய்த தப்பு. தழைக்கு அடியில் இருந்த இரும்புப் பொறி அவள் கணுக்காலைக் கவ்வியது. காய்ந்த கரும்பை முறிக்கிற சத்தம். விழுந்த வேகத்தில், காஹ்வாவைக் கூப்பிட வைத்திருந்த விசில் எங்கோ பறந்தது. பொறியின் சங்கிலியை வேரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கையில் வெட்டுக்கத்தி மட்டும் தங்கியது.

பன்றி அவளைப் பார்த்தது. அவள் பன்றியைப் பார்த்தாள். இரண்டு பேரும் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். ஆனால் பன்றியின் கம்பி இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது.

அப்போது புதரை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் வந்தான். முகத்தைச் சாக்குத் துணியால் சுற்றியிருந்தான். கையில் ஈட்டி.

"பன்றிக்கு வச்சா பச்சைச் சட்டை விழுந்திருக்கு!"

"பொறியத் தொறடா பாவி! கால் போவுது!"

"தொறந்து விட்டா நேரா போய் என்னைக் காட்டிக் குடுப்ப. எந் தம்பி கம்பி எண்ணுறது உங்க ஆளுங்களாலதான்."

"மூஞ்சிதான் மூடியிருக்கியே. எதக் காட்டிக் குடுக்க? உன் கால் கட்டைவிரலயா?"

"நீ இங்க செத்தா பழி பன்றி மேல போயிரும்," என்று அவன் ஈட்டியைத் தூக்கினான்.

தோரோ நாட்டில் யாரும் யாரையும் இட்ட பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் ஓர் எம்பாக்கோ உண்டு, பிரியமாக அழைக்கும் பெயர். நாடு முழுவதற்கும் ஒரு டஜன் பெயர்கள்தான். அதைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறோம். அந்நியனைப் பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். கேட்டு, சொல்லி, அந்தப் பெயரால் கூப்பிட்டும் விட்டால், பிறகு கை ஓங்க முடியாது. ஓங்கியவனோடு ஒருத்தரும் ஒரு தட்டில் கை வைக்க மாட்டார்கள்.

பூட்ஸுக்குள் ரத்தம் தளும்ப, கபாஜுங்கு ராணி மாதிரி முகவாயை நிமிர்த்திக் கேட்டாள்.

"உன் எம்பாக்கோ என்ன?"

"அராலி." வாயில் வந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை, பழக்கம் விடுமா? "உன்னோடது?"

"அப்வோலி."

"நல்லாருக்கியா, அப்வோலி?"

"பாத்தா எப்படித் தெரியுது, அராலி?"

ஈட்டி தாழ்ந்தது. அதே நேரம் கம்பி அறுந்தது.

பன்றி நேராக அராலி மீது பாய்ந்தது. கோரைப்பல் அவன் தொடையை முழங்காலிலிருந்து மேல்நோக்கிக் கிழித்தது. அவன் குத்திய ஈட்டி பன்றியின் தோளில் இறங்கிப் பாதியில் முறிந்தது. அவனை முட்டிப் புரட்டிக்கொண்டே பன்றி அவள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அவள் வெட்டினாள். காதில், கழுத்தில், மூக்கில். மண்டையோட்டில் கத்தி மாட்டிக்கொண்டது. பிடுங்கி மறுபடியும் வெட்டினாள். வாயெல்லாம் பன்றி ரத்தம். துப்பிவிட்டு வெட்டினாள்.

"போதும், அப்வோலி," என்றான் அராலி, மல்லாந்து கிடந்தபடி. "அது எப்பவோ செத்துப்போச்சு."

முறிந்த ஈட்டிக் காம்பை நெம்புகோலாக்கி அவன் பொறியைத் திறந்தான். அவன் வைத்த கண்ணிக் கம்பியாலேயே அவள் அவன் தொடையை இறுக்கிக் கட்டினாள். அவன் போட்ட கூச்சலில் மரத்துப் பறவையெல்லாம் பறந்தன. பிறகு ஆளுக்கு ஒரு நல்ல காலோடு, ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு ஓடைக்கரைக்கு ஊர்ந்தார்கள். காஹ்வா ஓடி வந்தான்.

"யாரு இது?"

"வழியில பாத்த ஆளு. அராலி."

"எந்த அராலி? ஊர்ல பாதிப் பேரு அராலி!"

"அப்போ மீதிப் பேர விட்டுட்டுத் தேடு," என்றாள். அவன் யாரென்று அதற்கு மேல் ஒருவரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. அவள் எலும்பு கோணலாகத்தான் கூடியது. நொண்டிக்கொண்டே இன்றும் கண்ணி அறுக்கிறாள். இக்கரையில் அதன்பின் இரும்புப் பொறி எதுவும் அகப்படவில்லை.

இதை நான் வாசித்துக் காட்டியபோது, பக்கத்தில் வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்த கபாஜுங்கு கத்தியைக் கீழே வைத்து, என் எம்பாக்கோவைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"எல்லாம் சரிதான், அகீக்கி. ஆனா நான் எதுவும் கேக்கல. அம்மா அம்மான்னு அலறிக்கிட்டு மண்ணக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஈட்டியத் தூக்கின கையோட, 'உன் எம்பாக்கோ என்ன'ன்னு மொதல்ல கேட்டது அவன்தான்."