கானாவிலிருந்து வந்த மூன்று பக்கம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதியபோது, அதை யார் மதிப்பிடவேண்டும் என்பதையும் நானே முடிவு செய்தேன். கர்வம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆய்வு, சிமெண்ட் தூசு படிந்த அவரைச் செடிகளைப் பற்றியது. சிமெண்ட் ஆலை இருக்கும் மதுக்கரையில் பிறந்தவளுக்கு இதைவிடத் தோதான தலைப்பு கிடையாது. அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. அம்மா அவரைக்காயை இரண்டு முறை கழுவாமல் நறுக்கமாட்டார். ஓர் இலையில் எவ்வளவு தூசு இருக்கிறது என்று அளக்க, இங்கிலாந்துப் பேராசிரியர் ஒருவரின் முறையைப் பின்பற்றினேன். மூன்றாம் இயலில் அவர் பெயரைப் பதினோரு இடத்தில் எழுதியிருந்தேன்.

ஆய்வு முடியும் நேரத்தில்தான் அவர் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படித்தேன். களப்பணியில் உதவியதற்காக கானா நாட்டுப் பெண் ஒருவருக்கு நன்றி சொல்லியிருந்தார். வெறும் பெயர் மட்டும். தேடிப் பார்த்தேன். அந்தப் பெண் அதற்குப் பல வருடம் முன்பே தன் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவருடைய ஆய்வேடு இணையத்தில் கிடைத்தது. இலையைக் கழுவி, அந்தத் தண்ணீரை வடிகட்டி, தங்கிய தூசை எடைபோடும் முறை அப்படியே அதில் இருந்தது, படத்தோடு.

அவருக்கு எழுதினேன். பதிலில் தன்னைப் பற்றி இரண்டே வரி. இங்கிலாந்தில் என் பட்டத்தை முதுகலைக்குச் சமமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள், அதனால் அந்தப் பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருடத்தில் திரும்பிவிட்டேன் என்றிருந்தார். இப்போது தன் ஊரில் பேராசிரியர். மீதி ஒரு பக்கம் முழுக்க, இலையை எந்தத் தண்ணீரில் கழுவவேண்டும் என்பது பற்றி.

எனக்கு முதல் கோபம் என்மேல்தான் வந்தது. பதினோரு இடத்திலும் பெயரை மாற்றினேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை வெளிநாட்டுத் தேர்வாளர் ஒருவர் மதிப்பிடவேண்டும். தேர்வாளர் பட்டியல் தருவது நெறியாளரின் வேலை. நடப்பில் மாணவர்கள் நாங்கள் தயாரிப்போம், அவர் கையெழுத்துப் போடுவார். கானாப் பேராசிரியரை முதல் பெயராகப் போட்டேன்.

எல்லாரும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று தேடும்போது நீங்கள் ஏன் ஆப்பிரிக்காவுக்குப் போகிறீர்கள் என்று நெறியாளர் கேட்டார். நாளைக்கு வேலைக்குப் போனால் யார் மதிப்பிட்டார்கள் என்று பார்ப்பார்கள் என்றும் சொன்னார். என் ஆய்வேட்டையும் கானாப் பேராசிரியருடையதையும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன். படித்தார். பேனாவை எடுத்தார்.

ஒரு வாரத்தில் பட்டியல் தேர்வுப் பிரிவிலிருந்து திரும்பி வந்தது. முதல் பெயரைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். நேரில் போனேன். அங்கிருந்த அலுவலர் அம்மா மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏனுங்க, வெளிநாட்டுல இருந்து ஒருத்தர் வேணுமுங்க."

"கானா வெளிநாடுதானுங்களே."

"அதில்லீங்க. நல்ல நாடாப் பாத்துப் போடுங்க."

விதிமுறையை வாங்கி வாசித்துக் காட்டினேன். இந்தியாவுக்கு வெளியே என்றுதான் இருந்தது. அப்படியென்றால் நேபாளத்தையும் ஏற்றுக்கொள்ளவேண்டும் போலிருக்கிறதே என்று சிரித்தார். இந்த வேலை தெரிந்த ஆள் அங்கே இருந்தால் தாராளமாகப் போடலாம் என்றேன். பிறகு சொன்னேன்:

"நம்ம குடுக்கற பட்டத்தையும் நீங்க சொல்ற நல்ல நாட்டுல இப்படித்தானுங்க பென்சில்ல சுழிப்பாங்க."

அவர் சிரிப்பு நின்றது. மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்தார்.

என்னோடு சேர்ந்த தோழிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து அரைப் பக்க அறிக்கை வந்தது. பட்டம் வழங்கலாம், அவ்வளவுதான். எனக்குக் கானாவிலிருந்து மூன்று பக்கம். மழைக்கு மறுநாள் பறித்த இலைகளை மற்றவற்றோடு சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார், பிரித்து மறுபடி செய்யட்டும் என்றிருந்தது. வாய்மொழித் தேர்வு ஐந்து மாதம் தள்ளிப்போனது. காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தோழி சொன்னாள், "வெள்ளக்காரங்க கிட்டப் போயிருந்தா இந்நேரம் எங்களுக்கு லட்டு குடுத்திருப்பே. கேட்டு வாங்கிக்கிட்டியே அம்மணி."

கேட்டுத்தான் வாங்கினேன். பிரித்துச் செய்தபோது, ஈரம் பட்ட தூசு இலையோடு இறுகிப் போவதும், கழுவினாலும் முழுதாகப் போகாததும் தனியாகத் தெரிந்தது. என் ஆய்வின் முக்கியமான முடிவே அதுதான்.

தேர்வு நாளன்று கானாப் பேராசிரியர் கட்டாயம் வரவேண்டியதில்லை. ஆனாலும் திரையில் வந்தார். அப்பா வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வரும் வழியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "அவிக ஊர்லயும் சிமெண்ட் பேக்டரி இருக்குதா கண்ணு?" இருக்கிறது என்றேன்.

இறுகிய தூசை எப்படிப் பிரித்தாய் என்று பேராசிரியர் திரையிலிருந்து தொடங்கினார். கேள்வி மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கடைசியில் அவர் திருப்தி என்றார். தேர்வுக் குழுத் தலைவர் முடிவை அறிவித்து, திரையிலிருந்த மேடத்துக்கு நன்றி சொன்னார். என் முறை வந்தபோது நான் அவரை டாக்டர் என்றே அழைத்தேன். மூன்று முறை அழைத்தேன்.

நாளைக்கு என் பட்டத்தை எந்த நாடு எதற்குச் சமம் என்று சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும். அதை யார் சோதித்துப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். ஆய்வேடு இப்போது நூலகத்தில் இருக்கிறது. அதில் அவர் பெயர் கடைசிப் பக்க நன்றியில் இல்லை. மூன்றாம் இயலின் முதல் வரியில் இருக்கிறது, பட்டத்தோடு.