எங்கட வீட்டு ஆட்கள்

எனக்குக் கலியாணம் பேசி முற்றான வருஷம் நாங்கள் ஜொகூரில் லாபிஸ் என்ற ஊரில் இருந்தோம். அப்பா அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஸ்டேஷன், பத்துச் சீனக் கடைகள், ஒரு பொலிஸ் நிலையம், ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் ஊர். யாழ்ப்பாணத்து ஆட்கள் என்று எண்ணினால் நான்கு குடும்பம் தேறும். அந்த நான்கு குடும்பமும் ஒன்றை ஒன்று கண்காணிப்பதில் பொலிஸ் நிலையத்தையே தோற்கடித்துவிடும்.

யாழ்ப்பாணத்தான் இன்னொரு யாழ்ப்பாணத்தானைக் கடல் கடந்த இடத்தில் கண்டால், சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஊரை விசாரிப்பான். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, ஆருடைய கிணற்றுக்குப் பக்கத்து வீடு. நான்காவது கேள்விக்குள் ஆள் என்ன சாதி என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் என்று முடிவாகும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் அதைக் குற்றமாக நினைத்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தவர் மட்டும் இந்தக் கேள்விகளுக்குப் பிடிகொடுக்கவில்லை. டிரசர் என்றால் காயம் கழுவிக் கட்டுகிறவர், காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கிறவர். பெரிய டாக்டர் மாதத்தில் இரண்டு நாள் செகாமட்டிலிருந்து வந்து போவார். மற்ற நாட்களில் டிரசர்தான் டாக்டர். நாற்பது வயதிருக்கும். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைத் தொப்பி, அளந்த பேச்சு. எந்த ஊர் என்று அப்பா கேட்டபோது, பருத்தித்துறைக்குப் போகிற வழியில் என்று சொல்லிவிட்டுப் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டார். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் சாய்ந்து இருந்து, அப்பாவோடு பேப்பர்ச் செய்திக்கு மல்லுக்கட்டினார். அம்மா மலேரியாவில் கிடந்த பத்து நாளும் காலையும் மாலையும் வந்து பார்த்தார். அவர் மனைவி மெல்லிய குரல்காரி. ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். வாயாடி, எனக்கு மிகவும் பிடித்தவள்.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் ஊரிலிருந்து பெரியப்பாவின் கடிதம் வந்தது. அதோடு என் சீதன உறுதியின் நகலும் வந்தது: இன்ன காணி, இன்ன பனந்தோப்பு, கிணற்றில் கால் பங்கு. டிரசரைப் பற்றி அப்பா முன்பே எழுதி விசாரித்திருந்தார் போலிருக்கிறது. பெரியப்பாவின் பதில் கடைசிப் பத்தியில் இருந்தது. அந்த ஆள் வேறு ஆருமில்லை, எங்கள் வீட்டு அடிமை குடிமையின் வழி வந்தவன், அவனுடைய பாட்டன்தான் எங்கள் பாட்டனின் கலியாணத்துக்குச் சமைத்தவன்.

அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. அவர் பல்லைக் கடிக்கவில்லை, கதிரையைக் கழுவச் சொல்லவில்லை. தொலைந்துபோன உறவைக் கண்டெடுத்தவர்போல முகம் மலர்ந்து, குசினி வாசலில் நின்று, அடுப்படியில் இருந்த அம்மாவிடம் சொன்னார்.

“கேட்டியே, இவன் எங்கட வீட்டு ஆள். கலியாணச் சமையலுக்கு இனி ஆள் தேடத் தேவையில்லை. பரம்பரை உரிமை. கேட்டால் அவனுக்கும் சந்தோஷமாயிருக்கும்.”

காலையில் ‘அவர்’ ஆக இருந்தவர் மத்தியானம் ‘அவன்’ ஆகிவிட்டதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

அப்பா ஸ்டேஷன் போர்ட்டரைக் கூப்பிட்டுச் செய்தி சொல்லி அனுப்பினார். போர்ட்டர் இந்தியாவிலிருந்து வந்தவர், வெள்ளை மனது, பெரிய தொண்டை. ஆஸ்பத்திரி விறாந்தையில் முப்பது தோட்டத்து ஆட்கள் மருந்துக்கு வரிசையில் நிற்க, தோட்டத்தில் கணக்கெழுதும் எங்கள் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவரும் கை வீக்கத்தோடு நிற்க, அத்தனை பேருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார்.

“அய்யா வரச்சொன்னாங்க. கல்யாணத்துக்கு நீங்கதான் சமையலாம். உங்க பாட்டன் அவங்க வீட்ல அடிமையா இருந்தாராமில்ல, அந்த வழக்கத்த விடக்கூடாதாம்.”

போர்ட்டர் திரும்பி வந்து, “கையில இருந்த ஊசிய அப்படியே கீழ வச்சிட்டாருங்க” என்றார்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் டிரசர் வந்தார். படியேறினார், கதிரையில் இருக்கவில்லை. அம்மா வழக்கம்போலத் தேத்தண்ணீர் கொண்டுவரப் போய், எந்தப் பாத்திரம் என்று தெரியாமல் குசினியிலேயே நின்றுவிட்டாள்.

“என்னை ஏன் அப்பிடிக் கூப்பிட்டனீங்கள்?” என்றார் டிரசர்.

“அன்பிலதானே கேட்டது,” என்றார் அப்பா. “இதில என்ன பிழை? உம்மட ஆக்களும் எங்கட ஆக்களும் எத்தனை தலைமுறைப் பழக்கம்.”

“பழக்கமோ? என்ர அப்பாவின்ர தாய்க்கு ஏழு வயசு. உங்கட அப்பாவின்ர தாய்க்குச் சீதனம் எழுதேக்கை, காணி, மாடு, கிணத்துப் பங்கு எல்லாம் எழுதி, அதுக்குக் கீழ அவவின்ர பேரையும் எழுதிக் குடுத்தவை. அவ பெத்த தாயைப் பிறகு காணேல்லை. சாகும்வரைக்கும் எங்களுக்குச் சொல்லிச் சொல்லி அழுதவ.”

அப்பா தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று முழுதாக நம்புகிற மனிதனின் குரலில் சொன்னார். “அது எங்கட பாட்டன் காலத்திலேயே சட்டம் போட்டு நிப்பாட்டியாச்சு. நான் அடிமை வைச்சிருந்தனோ? நீர் அடிமையா இருந்தனீரோ? பிறகேன் இந்தக் கோபம்?”

“சட்டம் போட்டது உண்மைதான். ஆனா குசினிக்கு ஆள் வேணுமெண்டதும் உங்களுக்கு என்ர ஞாபகம்தானே வந்தது? வந்த முதல் நாளே உங்கட வீடு எதெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வந்தன். இஞ்ச நீங்களும் ஒரு உத்தியோகத்தர், நானும் ஒரு உத்தியோகத்தர் எண்டு நினைச்சன். இண்டைக்குக் காலமை வரைக்கும் அப்பிடித்தான் இருந்தது.”

பொந்தியானுக்கு மாற்றம் கேட்டு எழுதப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார். பொந்தியானில் அவரைத் தெரிந்தவர்கள் இல்லை. அங்கே மறுபடியும் முதலாவது கேள்வியிலிருந்து தப்பத் தொடங்க வேண்டும்.

ஊர் ஒதுக்கிவைக்கும் என்று அவர் பயந்தது வீணில்லை. அந்த வாரத்துக்குள் கிராணியின் மனைவி தன் பிள்ளைகளை டிரசர் வீட்டுப் பக்கம் விடுவதை நிறுத்திவிட்டாள். டிரசரின் மகள் ஒருநாள் ஸ்டேஷன் வேலியடியில் என்னைக் கண்டு கேட்டாள். “அக்கா, நாங்கள் என்ன செய்தனாங்கள்?”

வீட்டுக்குள் போய் என் சீதன நகலை எடுத்தேன். கிணற்றில் கால் பங்கு என்ற வரிக்குக் கீழே இந்தச் சிறுமியின் பெயரை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். எழுத்து அழகாகப் பொருந்தியது. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. பார்க்கிற கண்ணுக்கு அது ஒரு வரி. அந்தப் பிள்ளைக்கோ தாய் இல்லாத முழு ஆயுள். எங்களுக்கு மறப்பது சுலபமாக இருந்தது, ஏனென்றால் எங்களிடம் எதுவும் பறிபோகவில்லை. நாங்கள் மறந்தது மட்டுமா, அதை அன்பு என்றும் பெயர் மாற்றி வைத்திருந்தோம். அடித்தவன் அடித்ததை மறந்து தடவிக்கொடுக்க வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கு அந்த நிமிஷம் அப்பாமேல் வந்த கோபம் சொல்லி முடியாது. என்மேல் வந்தது அதைவிடப் பெரியது.

“நீங்கள் ரெண்டு பேரும் போய் டிரசர் வீட்டுக்கு முறையாக் கலியாணம் சொல்லிக் கூப்பிட வேணும். இல்லாட்டி நான் மணவறைக்கு வரமாட்டன்,” என்றேன்.

“உனக்கென்ன விசரோ?” என்றாள் அம்மா. “மாப்பிள்ளை வீட்டார் கேள்விப்பட்டால் கலியாணம் நிண்டுபோகும்.”

“நிண்டுபோகட்டும்.”

நின்றுபோகட்டும் என்று சொல்லிவிட்டேன். ஜொகூர் பாருவில் அரசாங்கக் கந்தோரில் வேலைபார்க்கும் மாப்பிள்ளையின் படத்தை எத்தனை தரம் ஒளித்து ஒளித்துப் பார்த்திருப்பேன். ஆனாலும் பிடிவாதம் என்று வந்துவிட்டால் நான் அப்பாவின் மகள். மூன்று நாள் வீட்டில் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டோம். அந்த மூன்று நாளும் அப்பா ரயில்களுக்குக் கொடி காட்டிய வேகத்தைப் பார்த்து டிரைவர்களே பயந்திருப்பார்கள்.

நான்காம் நாள் அப்பா கோட்டைப் போட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, தனியே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டார். என்ன யோசித்தார், யாரோடு மல்லுக்கட்டினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா அவரை மறித்தாள். தடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

“தனியப் போய்ச் சொன்னால் அது கலியாணம் சொன்னதாகுமோ? புருஷன் பெண்சாதி ரெண்டு பேரும் வெத்திலைத் தட்டத்தோட போகவேணும். அரைகுறையாச் செய்யிறதெண்டால் செய்யாமலே விடுங்கோ,” என்று சொல்லிவிட்டுச் சீலை மாற்றப் போனாள். அம்மாவுக்கு நியாயத்தைவிட முறை பெரிது. அன்றைக்கு அந்த முறைதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

டிரசர் வீட்டில் நடந்ததை அம்மா எனக்குச் சொன்னாள். தட்டத்தை வாங்க அவர் உடனே கை நீட்டவில்லை. அப்பா, “பிழை விட்டிட்டன். முப்பது பேருக்கு முன்னால உங்களைக் குறைச்சுப்போட்டன்” என்று சொன்னாராம். அப்பா ஒருவரிடம் பிழை என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. டிரசர் தட்டத்தை வாங்கிக்கொண்டு சொன்ன பதில் இவ்வளவுதான். “வருவம். முதல் பந்தியில இருப்பம்.”

முதல் பந்தி என்பது சின்ன விஷயமில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் பெரியவர்களும் இருக்கிற பந்தி அது. அதில் அவர்கள் இருந்து, மற்றவர்கள் இலையை விட்டு எழும்பினால், ஆஸ்பத்திரி விறாந்தையில் நடந்ததைவிடப் பெரிய அவமானம். அந்த ஏழு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் அது நடக்கும். கூறை உடுத்துத் தாலி கட்டி முடியும்வரை எனக்கு இந்த ஒரு நினைப்புத்தான்.

கலியாணப் பந்தலின் மறுபாதியில்தான் சாப்பாடு. மணவறையில் இருந்தபடியே எனக்கு முதல் பந்தி தெரிந்தது. டிரசர், மனைவி, மகள் மூவரும் வந்து வரிசையாக இருந்தார்கள். சோறு விழுந்தது, பருப்பும் நெய்யும் விழுந்தன. அப்போது டிரசருக்குப் பக்கத்து இலையில் இருந்தவர், அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தமையன், செகாமட்டிலிருந்து வந்தவர், சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். கிராணியும் எழும்பினார். கிராணியின் மனைவி பாதி எழும்பி நின்றாள். பரிமாறுகிறவர்கள் கை ஓய்ந்து நின்றார்கள். நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயந்து, மாமியாரின் இலையைப் பார்த்தேன். அவர் விடியற்காலையிலிருந்து தாலி கட்டும்வரை விரதம்.

“சோறு ஆறுது,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மாமியார் பருப்பைப் பிசையத் தொடங்கினார். அந்தப் பெண்மணிக்கு விஷயம் தெரியுமா, பசியா என்று பிறகும் நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு வரிசை முழுவதும் அவரைப் பார்த்துச் சோற்றில் கை வைத்தது. கிராணியின் மனைவி மெல்லத் திரும்பவும் இருந்துகொண்டாள்.

அப்பா விரைவாக வந்தார். முகம் வியர்த்திருந்தது. பரிமாறுகிறவனின் கையிலிருந்து கறி வாளியைப் பிடுங்கி, தானே டிரசரின் இலைக்கு முன்னால் குனிந்தார். பந்தல் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. டிரசர் கையை இலைக்கு மேலே மறித்து வைத்தார்.

“நீங்கள் எனக்குப் பரிமாற வேண்டாம்,” என்றார். குரல் உயரவில்லை. “எங்களுக்கு ஒருத்தரும் வேலைசெய்ய வேண்டாம். பக்கத்தில இருந்து சாப்பிடுங்கோ.”

பெண்ணைப் பெற்றவன் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் கை நனைக்க வேண்டும். அப்பா வாளியைக் கீழே வைத்தார். தமையன் விட்டுப்போன இலைக்கு முன்னால், சோறும் பருப்பும் அப்படியே இருந்த அந்த இலைக்கு முன்னால், சப்பணம் கட்டி இருந்தார். அவருக்குப் பெருத்த உடம்பு, இடம் போதவில்லை. டிரசர் சற்று ஒதுங்கி, மகளையும் ஒதுங்கச் சொல்லி, அவருக்கு இடம் கொடுத்தார்.