முதல் வார்த்தை கண்ணாடிக்காரருக்கு

கண்ணாடிக்காரரை எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். கல்லூரி வாசலுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடைக்கும் அவருடைய மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அவர் லென்ஸ் தேய்க்கும் மெஷினை ஓட்டினால் என் மேஜையில் காகிதம் நடுங்கும். இத்தனை பக்கத்தில் இருந்து பார்த்த மனிதரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத என்னால் முடியாது. அவரும் அதை எதிர்பார்க்க மாட்டார்.

தொழிலில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. கடை குறுகலானது. அதனால் எழுத்துப் பலகையை நமக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச் சுவரில் இருக்கும் முகக் கண்ணாடியில் பார்த்துப் படிக்கச் சொல்வார். கோணிப்போன ஃபிரேமைச் சூடான மணல் டப்பாவில் கொஞ்ச நேரம் புதைத்து, எடுத்து, விரலாலேயே வளைத்து நேராக்குவார். யாருக்கு என்ன பவர், யாருக்கு எந்தக் கண்ணில் கோளாறு என்று வெளியே மூச்சுவிட மாட்டார். “கடையில கேட்டது கடையோட” என்பார். என் மனைவியின் பவரை என்னிடமே சொல்ல மறுத்தவர். நீயே போய்க் கேட்டுக்கொள் என்றார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவர் வேறு ஆள். கல்லூரியின் பெண்கள் பாஸ்கெட்பால் அணிக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் நிரந்தர ரசிகர்கள். மைதானத்தின் ஒரு பக்கம் சிமெண்டுப் படிக்கட்டு. மூன்றாம் படியில் நடு இடம் கண்ணாடிக்காரருடையது. வேன் ஓட்டும் டிரைவர், மருந்துக்கடைக்காரர், நான் எல்லோரும் அவரைச் சுற்றி அமர்வோம். எங்களில் யாரும் பந்தைக் கையால் தொட்டவர்கள் அல்ல. ஆனால் கோச்சுக்குத் தெரியாததெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

பந்தைக் கொண்டுவந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்து, ஆட்டத்தை நடத்துகிறவளைப் புத்தகத்தில் பாயிண்ட் கார்டு என்பார்கள். எங்கள் படிக்கட்டில் அதற்குப் பெயர் சாவி. “இந்த வருஷம் சாவி யாருகிட்ட?” என்ற கேள்வி ஆரம்பித்தால் ஒரு மாதம் ஓடும். எல்லோரும் கத்தித் தீர்த்தபிறகு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்புவோம். அவர் மூக்கைச் சொறிந்துகொண்டு ஒரு பெயரைச் சொல்வார். அதோடு பேச்சு முடிந்தது. பதினைந்து வருடமாக அந்தப் படிக்கட்டில் முதல் வார்த்தையும் அவருடையது, கடைசி வார்த்தையும் அவருடையது. வீட்டிலோ கடையிலோ அவருக்கு இப்படியொரு நாற்காலி கிடைத்ததில்லை.

அந்த வருடம் சாவிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி பம்பரம். சுழன்று சுழன்று நாலு பேரை ஏமாற்றிவிட்டுப் போவாள், பார்க்கக் கண்கொள்ளாது. இன்னொருத்தி நிதானம். அவசரமே கிடையாது, தலையை லேசாக இடப்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பந்தைக் கொடுப்பாள். அந்தத் தலைத்திருப்பலைக் கிண்டல் செய்துதான் டிரைவர் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார். கண்ணாடிக்காரர் தீர்ப்பு பம்பரத்துக்கு. நாங்களும் ஆமாம் போட்டோம்.

அப்போதுதான் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, படிக்கட்டுக்கு வந்தார்.

அக்காவுக்கு பஸ் டெப்போவில் டைம் கீப்பர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எது எங்கே நிற்கிறது, எதற்குப் பின்னால் எதை அனுப்புவது, எல்லாம் அவர் தலையில்தான். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனாள், அக்காவுக்கும் காலை ஷிஃப்ட் ஆனது. சாயங்காலம் வீட்டில் தனியாக இருப்பானேன் என்று கிளம்பி வந்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் வாயே திறக்கவில்லை, அடிக்கடி வாட்ச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். போரடிக்கிறது போல என்று நான் நினைத்தேன். மூன்றாவது ஆட்டத்தில், சாவியை யாரிடம் கொடுக்கலாம் என்று விளையாட்டாக டிரைவர் அக்காவைக் கேட்டார்.

“பம்பரம் கையில பந்து ஏழு செகண்டு நிக்குதுங்க” என்றார் அக்கா. “அதுக்குள்ள மத்த நாலு பேரும் நின்னுடறாங்க. அந்த நிதானம் கையில மூணு செகண்டுதான். நாலு பேரும் ஓடிக்கிட்டே இருக்காங்க. ஓடாம நின்னுக்கிட்டிருந்தா அது ரூட்டு இல்ல, ஷெட்டு.”

எல்லோரும் சிரித்தோம். கண்ணாடிக்காரரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பிறகு நாங்களே எண்ணிப் பார்த்தோம். ஏழு, மூன்று. பத்து தடவை எண்ணினாலும் ஏழு, மூன்று. அடுத்த வாரம் பம்பரத்துக்குக் கணுக்கால் சுளுக்க, கோச் வேறு வழியில்லாமல் நிதானத்திடம் சாவியைக் கொடுத்தார். அணி பத்தொன்பது பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்கா என்ன சொல்கிறார், அக்கா வந்தாச்சா, அக்காவுக்கு இடம் விடுங்கள் என்றாகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் மூன்றாம் படியில் தன் கைக்குட்டையை விரித்து அக்காவுக்கு இடம் பிடித்தார். கண்ணாடிக்காரர் ஒதுங்கி ஒதுங்கிக் கைப்பிடிச் சுவருக்கே போய்ச் சேர்ந்தார்.

பொறாமை. வேறு கௌரவமான வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை. பெண்டாட்டி மேலேயே பொறாமைப்பட ஒரு மனிதனுக்கு எப்படி மனசு வரும் என்று கேட்பீர்கள். அடுத்த தெரு ஆள் மேல் படுகிற பொறாமைக்காவது வீட்டுக்குப் போனால் ஓய்வு உண்டு. இவருக்கு அதுவும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அக்கா, “ஏங்க, அந்த ரெண்டாவது பாஸைப் பாத்தீங்களா?” என்று ஆசையாகக் கேட்பாராம். இவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வாராம். இதையெல்லாம் அவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

ஒருநாள் நாலரை மணி ஆட்டத்தை அக்காவிடம் ஐந்தரை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். உலகத்தில் வேறு யாரிடமாவது இந்த வேலையைச் செய்திருக்கலாம். டெப்போவில் ஒரு நிமிடத் தாமதத்துக்கு டிரைவர்களை வறுத்தெடுக்கிறவரிடமா? அக்கா டெப்போவிலிருந்து திரும்பும்போதே கல்லூரி வாசலில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாலு இருபத்தைந்துக்கே வந்து உட்கார்ந்தார். கையில் அவருக்கு ஃப்ளாஸ்கில் டீ. “நேரம் மாத்திட்டாங்க போலிருக்குங்க” என்று மட்டும் சொல்லி டீயை ஊற்றிக் கொடுத்தார். அவர் அதைக் குடித்த மாதிரி யாரும் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

அரையிறுதிக்கு முந்தின நாள் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பம்பரத்தின் கால் சரியாகிவிட்டது. கோச் நாளைக்குச் சாவியை யாரிடம் கொடுப்பார் என்று பேச்சு. ஒவ்வொருவராக நிதானம், நிதானம் என்றார்கள். கண்ணாடிக்காரர் பம்பரத்துக்காக வாதாடினார். பெரிய ஆட்டத்துக்குத் துணிச்சல் வேண்டும் என்றார், போன வருடக் கதைகளை எடுத்துவிட்டார். யாரும் மறுத்துப் பேசக்கூட இல்லை, அதுதான் அவரைச் சுட்டது. டிரைவர் சிரித்துக்கொண்டே, “அக்கா சொல்லியாச்சுல்ல, இனிமே அண்ணனை எதுக்குக் கேக்கணும்?” என்றார்.

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார்.

“இடது கண்ணு பாதிகூடத் தெரியாத பொண்ணுகிட்ட சாவியைக் குடுங்க. நல்லா விளங்கும்.”

நிதானம் இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் கடைக்கு வந்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே இடது கண் சோம்பல் கண், பெரிய எழுத்தே மங்கல். வலது கண்ணாலேயே அந்தப் பக்கத்தையும் பார்க்கத்தான் தலையைத் திருப்புகிறாள். கோச்சுக்குத் தெரிந்தால் உட்காரவைத்துவிடுவார், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டிருக்கிறாள். எங்களிடம் இவ்வளவும் அவரே சொன்னார். ஆரம்பித்தபிறகு நிறுத்த முடியவில்லை. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு எல்லோரும் அவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அக்கா மட்டும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் கெட்டவர் இல்லை, வாயில் எதுவும் நிற்காது. அவருடைய சொந்த அண்ணன் மகள் எதிரணியில் ஆடுகிறாள். அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டில் காபி குடிக்கும்போது, இப்படியும் ஒரு பெண் ஆடுகிறாள் பாருங்கள் என்று பாராட்டித்தான் சொன்னாராம்.

மறுநாள் கோச் நிதானத்திடம்தான் சாவியைக் கொடுத்தார். எதிரணி முதல் நிமிடத்திலிருந்தே அவளுடைய இடப்பக்கமாக வந்தது. தலையைத் திருப்புவதற்குள் பந்து போயிருந்தது. இடைவேளைக்கு முன்னால் ஆறு தடவை பறிகொடுத்தாள். ஆறாவது தடவை அவள் பந்து போன திசையைப் பார்க்கவில்லை. ஏன் எல்லாம் ஒரே பக்கம் என்று புரிந்துபோய் அப்படியே நின்றாள். இடைவேளையில் கோச் கேட்க, அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். டாக்டர் கடிதம் இல்லாமல் இனி மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்று உட்காரவைத்தார்கள். அவளுக்கு அது கல்லூரியில் கடைசி வருடம். பம்பரம் என்னென்னவோ செய்து பார்த்தாள், ஐந்து பாயிண்டில் தோற்றோம்.

திரும்பும்போது நான், அவர், அக்கா மூவரும்தான் நடந்தோம்.

“உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?” என்று அக்கா கேட்டார்.

“ரெண்டு வருஷமா.”

“ரெண்டு வருஷம் எங்கிட்டகூடச் சொல்லாம வெச்சிருந்தீங்க” என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. பாராட்டுகிற மாதிரிதான் இருந்தது. கண்ணாடிக்காரர் நடப்பதை நிறுத்திவிட்டார். அக்கா நிற்கவில்லை.

நாலு நாள் கழித்து என் கண்ணாடியில் ஒரு திருகு கழன்றுவிட, அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். நிதானம் உள்ளே வந்தாள். படிக்கிறதற்குப் புதுக் கண்ணாடி செய்யக் கொடுத்திருந்தாளாம். அவர் அதை எடுத்து, துடைத்து, மறுபடி துடைத்தார்.

யாரோ எதிரணிக்குச் சொல்லிவிட்டார்கள் சார் என்றாள் அவள். சின்ன வயதில் கண் பார்த்த டாக்டர் வீட்டிலிருந்துதான் போயிருக்க வேண்டும், வேறு யாருக்கும் தெரியாது, அவர்களிடம் சண்டைக்குப் போகிறேன் என்று அம்மா நிற்கிறாள் என்றாள். இவர் மேல் அவளுக்குச் சந்தேகம் துளிகூட இல்லை. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் என் கண்ணாடி அவர் கையில் இருந்தது.

“அவங்க சொல்லலம்மா. நான்தான் சொன்னேன்” என்றார் கண்ணாடிக்காரர்.

ஏன் சார் என்று அவள் கேட்டாள். அதில் சண்டை இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவர் பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வாய் தவறி வந்துவிட்டது என்று சொன்னால் போதும். நானும் தலையாட்டியிருப்பேன்.

“ஆட்டத்தை நீதான் நடத்தணும்னு என் வீட்டம்மா சொன்னாங்க. எல்லாரும் அவங்க பேச்சைக் கேட்டாங்க. எனக்குப் பொறுக்கல.”

“அக்கா சொன்னது சரின்னு உங்களுக்குத் தோணலையா சார்?”

“தோணுச்சு. எண்ணிக்கூடப் பாத்தேன்” என்றார் அவர். “தப்புன்னு தோணியிருந்தா நான் எதுக்கும்மா உன் கண்ணைப் பத்திச் சொல்லப் போறேன்?”

அவள் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். பவர் சரியாக இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி, தலையைத் திருப்பாமல், எதிரே இருந்ததைப் பார்த்தாள். எதிரே அவர்தான் இருந்தார். சரியாக இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டு அவள் போனபிறகும், அவர் குனிந்தபடியே என் கண்ணாடியில் ஏற்கெனவே இறுகிவிட்ட திருகை இறுக்கிக்கொண்டிருந்தார்.