அக்கா பிடித்துக் கொடுத்த ஜன்னல்

எங்கள் அக்கா தையல்காரி. நானும்தான், ஆனால் நான் பித்தான் கட்டுகிற, ஓரம் அடிக்கிற ரகம். துணி வெட்டுவது அவள். அவளுடைய கத்திரிக்கோலை நான் தொட்டால் முறைப்பாள். அவளும் பிறத்தியார் கத்திரிக்கோலைத் தொடமாட்டாள். அத்தனை கொழுப்பு.

ஐம்பது வயதுக்குமேல் அவளுக்கு வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்யக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

"நான் தைச்சதெல்லாம் துவைச்சுத் துவைச்சே நைஞ்சு போச்சுடி. நான் செஞ்சது ஒண்ணாவது ஒரு இடத்துல நிக்கணும்."



ஊரில் கண்ணாடிப் பட்டறை வைத்திருந்த பெண்ணுக்குச் சின்ன வயதில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்ததே அக்காதான். இப்போது அவளை வாய் நிறைய "டீச்சர்" என்று கூப்பிட்டாள். கண்ணாடியைக் கீறி ஒடிக்கவும், பள்ளமுள்ள ஈயப் பட்டைக்குள் துண்டுகளைச் செருகவும், மூட்டுகளைப் பற்றவைக்கவும் பழகினாள். விரலெல்லாம் பிளாஸ்திரி. சோற்றைப் பிசையவே அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்போது அடித்த புயலில் எங்கள் ஊர் நூலகத்தின் படிக்கட்டு ஜன்னல் உடைந்து கிடந்தது. அக்கா நேரே போய், "நான் செஞ்சு தர்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். நூலகருக்கு நம்பிக்கையில்லை. "அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை நூலகத்தை மறுபடி திறக்கிறோம்மா. அதுக்குள்ள வரலைன்னா பிளாஸ்டிக் ஷீட் அடிச்சு மூடிடுவேன்" என்றார்.

திறப்புக்கு ஆறு நாள் இருக்கும்போது தச்சர் புது மரச்சட்டத்தோடு பட்டறைக்கு வந்தார். பச்சைக் கொடி, மஞ்சள் ஓரம் என்று அக்காவின் ஜன்னல் மேசைமேல் ஜம்மென்று கிடந்தது. சட்டத்தை மேலே வைத்துப் பார்த்தார். ஜன்னல் இரண்டு விரல்கடை பெரிதாக இருந்தது.

டீச்சருக்கு உடனே புரிந்துவிட்டது. கண்ணாடிக்கு அளவாக வைக்கிற காகித அச்சை வெட்ட அவள் மூன்று அலகுள்ள கத்திரி ஒன்றைக் கொடுத்திருந்தாள். அது இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கீற்றை வெட்டி எடுத்துவிடும். அந்த இடம் ஈயத்துக்கு; விடாவிட்டால் ஈயத்தின் தடிப்பெல்லாம் சேர்ந்து ஜன்னல் பெருத்துவிடும். நம் மகாராணி தன் கத்திரிக்கோலால் வெட்டியிருக்கிறாள். போதாததற்குத் தையலுக்கு விடுகிற பழக்கத்தில், ஒவ்வொரு துண்டிலும் நூலளவு கூடுதலாக வேறு விட்டிருக்கிறாள்!

"ஓரத்து மஞ்சளை எடுத்துட்டாப் போதும்மா" என்றார் தச்சர்.

"எடுத்துடு அக்கா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன் நானும்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது.  பிறகு என்னைப் பார்த்தாள்.

"சட்டை தொளதொளன்னு இருந்தா ஒரு பக்கம் மட்டுமா பிடிப்ப?"

"ஒரு பக்கம் பிடிச்சாக் கோணிக்குமே. எல்லாத் தையல்லயும் கொஞ்சம் கொஞ்சம் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்படியென்றால் முழுவதையும் பிரிக்க வேண்டும்.

"டீச்சர், உங்க கத்திரியைக் கொடுங்க" என்றாள் அக்கா.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் கத்திரியால் அச்சை மறுபடி வெட்டினாள். ஈயத்தையெல்லாம் உரித்து எறிந்தாள். ஒவ்வொரு துண்டாகச் சாணைச் சக்கரத்தில் வைத்து, அச்சுக்குச் சரியாக வரும்வரை தேய்த்தாள். நான் எங்கள் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துக் கொடுத்தேன். ஒரு இலை உடைந்தது. திட்டிக்கொண்டே இன்னொன்று வெட்டினாள். பிறகு புது ஈயம், புதுப் பற்றவைப்பு.

சனிக்கிழமை காலை நூலகப் படிக்கட்டில் தச்சரும் டீச்சரும் சட்டத்துக்கு நேராக ஜன்னலைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன், பார்க்கத் தைரியமில்லை. சுத்தியல் சத்தம் வரும், கண்ணாடி உடையும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"அம்மாடி, தானா உக்காந்துடுச்சு!" என்றார் தச்சர்.

திரும்பினேன். படியெல்லாம் பச்சையும் மஞ்சளுமாக வெளிச்சம். தச்சரின் வழுக்கைத் தலையில்கூட ஒரு இலை. நான் கை தட்டிக் கூச்சல் போட்டேன். நூலகம் என்று யார் நினைத்தார்கள்?

சத்தம் கேட்டு நூலகர் வந்தார். "காத்தடிச்சாத் தாங்குமா?"

"தள்ளிப் பாருங்க சார்" என்றாள் அக்கா.

ஒரு விரலால் தொட்டார்.

"கூச்சப்படாம தள்ளுங்க!"

உள்ளங்கையை வைத்து அழுத்தினார். ஜன்னல் இம்மியும் அசையவில்லை. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "மேல் மாடி ஜன்னலும் உடைஞ்சுதாம்மா கிடக்கு..." என்று இழுத்தார்.

அதற்குள் அக்கா கழுத்திலிருந்த அளவு டேப்பை உருவிக்கொண்டு பாதிப் படி ஏறிவிட்டாள்.