நிறுத்தாமல் மாற்றிவிட்ட தண்ணீர்

தினமும் காலை ஐந்தரைக்கு என்னை எழுப்புவது சீனர்களின் விசில். என் கம்பெனி எனக்குக் கட்டில் கொடுத்திருக்கிறது, கொசுவலை கொடுத்திருக்கிறது, எழுப்பிவிட ஆள் கொடுக்கவில்லை. அந்த வேலையைச் சாலைக்கு எதிர்ப்பக்கத்து கேம்ப் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கிறது. விசில் ஊதியதும் அவர்கள் வரிசையாக நின்று கையைக் காலை நீட்டி மடக்குவார்கள். இந்தப் பக்கம் நாங்கள் வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்போம். அவர்களுக்கு விடுமுறை என்றால் விசில் கிடையாது. அன்றைக்கு எங்கள் கேம்ப் முழுக்க அரைமணி தாமதம். பக்கத்து நாட்டுக்காரன் லீவு போட்டால் நாங்கள் வேலைக்கு லேட்டாகப் போகிறோம் என்று ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நான் இருப்பது தான்சானியாவின் உள்நாட்டில் ஒரு பொட்டல். திண்டுக்கல் மாவட்டத்துக் குஜிலியம்பாறைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதே வறண்ட மண், அதே முள், மழைக்காக அண்ணாந்து பார்க்கும் அதே ஜனம். இந்தப் பொட்டலின் குறுக்கே சீனக் கடனில் ஒரு சாலை போகிறது. அதை ஒட்டியே இந்தியக் கடனில் குடிநீர்க் குழாய் போகிறது. சாலை அவர்கள் வேலை, குழாய் எங்கள் வேலை. இரண்டாம் கட்ட வேலை யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. அதனால் அவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்று நாங்களும், நாங்கள் எங்கே சறுக்குவோம் என்று அவர்களும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்குகிறோம். திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் பார்க்கும் என் சேக்காளி ஜமால் ஒருநாள் போனில் கேட்டான்: “டிவியில ரெண்டு நாடும் முறைச்சுக்கிட்டு நிக்கிதுங்கிறான். அங்கிட்டு எப்புடி மாப்ள?” நான் சொன்னேன்: “இங்கிட்டு ரெண்டு பேருக்கும் ஒரே போர்வெல்தான் மாப்ள. முறைக்கிறதுன்னாலும் முறை வச்சுத்தான் முறைக்கணும்.”

உண்மையும் அதுதான். இந்த நாட்டு நீர்த்துறை இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆழ்துளைக் கிணற்றைக் காட்டிவிட்டது. நண்பகல் வரை எங்கள் முறை, அதற்கு மேல் அவர்கள் முறை. எங்கள் பக்கம் பம்புக்கு நான் பொறுப்பு. அவர்கள் பக்கம் வெய் என்று ஒருவர், என் வயதுதான். இருவருக்கும் நடுவில் காவலுக்கு உள்ளூர்ப் பெண் ஒருவர், நீமா. இங்கே வயதில் மூத்த பெண்களை மரியாதையாக ‘மாமா’ என்றுதான் கூப்பிட வேண்டும். சேலை கட்டினால் நம் அத்தைமாதிரி இருக்கக்கூடிய ஒரு பெண்மணியை மாமா, மாமா என்று கூப்பிட எனக்கு ஆறு மாதம் கூச்சமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

பிழை நடந்தது போன வறட்சிக் காலத்தில். அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஊர்க் கிணற்றைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கம். எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவில் ஒரு கிணறு, ஒரே மோட்டார். ஒருவருக்கு மதியம் வரை, மற்றவருக்கு மதியத்துக்கு மேல். மறுநாள் முறை மாறும். வரப்போரத் தென்னை ஒன்று யாருடையது என்பதில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆகிறது. அந்தத் தென்னை பட்டே போய்விட்டது, சண்டை மட்டும் நன்றாகக் காய்க்கிறது. ஆனால் தன் முறை முடியும்போது அப்பா மோட்டாரை நிறுத்த மாட்டார். பழைய மோட்டார் அது. நின்றால் குழாயில் தண்ணீர் இறங்கிவிடும், மறுபடி வாளி வாளியாக ஊற்றித்தான் கிளப்ப வேண்டும், அதற்குள் கரண்ட் போனாலும் போய்விடும். ஆகவே ஓடுகிற மோட்டாரை ஓடவிட்டு, எங்கள் மடையை மண்வெட்டியால் அடைத்து, பெரியப்பாவின் மடையை வெட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அந்தப் பக்கம் சம்பங்கிக்குத் தண்ணீர் பாய்வதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பெரியப்பாவும் அவர் முறை முடிந்தால் இப்படியேதான். “பேச்சு வேற, தண்ணி வேறலே,” என்பார் அப்பா. ஓடுகிற தண்ணீரை நிறுத்திக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

இந்தப் பழக்கத்தை நான் பெட்டியில் வைத்து ஆப்பிரிக்காவுக்கு எடுத்து வந்தது எனக்கே தெரியாது. இங்கே பம்பை ஓட்டும் ஜெனரேட்டரின் ஸ்டார்ட்டர் அந்த வாரம் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. நான் பன்னிரண்டு மணிக்கு நிறுத்திவிட்டுப் போக, வெய் வந்து வேர்த்து விறுவிறுத்துக் கால்மணி நேரம் மல்லுக்கட்டுவார். பார்க்கப் பாவமாக இருந்தது. ஒருநாள் நான் நிறுத்தவில்லை. எங்கள் வால்வை மூடி, அவர்கள் வால்வைத் திறந்துவிட்டேன். மாமா நீமா எழுந்து வந்து, “நிறுத்த வேண்டாமா?” என்று சுவாஹிலியில் கேட்டார். நான் பெரிய மனிதன் மாதிரிக் கையைக் காட்டி, “தொடாதீங்க, வெய் வருவார்,” என்று அதே மொழியில் அரைகுறையாகச் சொல்லிவிட்டுச் சோற்றுக்குப் போய்விட்டேன்.

வெய் வரவில்லை. அன்று அவர்களுக்கு நிலாப் பண்டிகை, கேம்ப்புக்கே விடுமுறை. முதல் நாள்தான் எங்களுக்குப் பலகாரப் பெட்டி அனுப்பியிருந்தார்கள். நான் அதில் இரண்டைத் தின்றேன், பண்டிகை என்றைக்கு என்று கேட்கவில்லை. அன்று காலை விசிலும் ஊதவில்லை, எல்லாரும் அரைமணி லேட்டாக எழுந்தோம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் தானாக நிற்கும்வரை மூன்று மணி நேரம் தண்ணீர் போயிருக்கிறது. போன இடம், ஒரு கிலோமீட்டர் தள்ளி, பாலத்துக்காக அவர்கள் தோண்டிக் கம்பி கட்டி வைத்திருந்த குழி. மறுநாள் கான்கிரீட் போட வேண்டிய குழி. கரை சரிந்து, கம்பியெல்லாம் சேற்றில் கிடந்தது.

இந்தியத் தரப்பு வேண்டுமென்றே செய்த வேலை என்று சீனக் கம்பெனியிலிருந்து நீர்த்துறைக்குக் கடிதம் போனது. எங்கள் புராஜெக்ட் மேனேஜர் வடநாட்டுக்காரர், சாதாரணமாக நல்ல மனிதர். அன்று என்னை உட்காரவைத்து இந்தியில் சொன்னார்: “இதை வைத்து அவர்கள் இரண்டாம் கட்டத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். காவல்காரி வால்வைத் திறந்துவிட்டாள் என்று எழுதிக் கொடு. உனக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது.” சாயங்காலத்துக்குள் இன்னொரு செய்தியும் வந்தது. காவல்காரியின் கவனக்குறைவு என்றால் தங்களுக்கும் சம்மதம், தகராறு வேண்டாம் என்று எதிர்ப்பக்கமும் சொல்லிவிட்டது. இத்தனை நாளில் இரண்டு கம்பெனியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். வேலை போவது நீமாவுக்கு. அவர் வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிறவர் அவர் ஒருவர்தான்.

வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். நீமா வழக்கம்போல் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அழவில்லை, கெஞ்சவில்லை. “தொடாதே என்று நீ சொன்னாய். நான் தொடவில்லை,” என்றார், அவ்வளவுதான். வேறு ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக எதிர் கேம்ப்புக்கு நடந்தேன். மூன்று வருஷத்தில் அந்த வாசலை அன்றுதான் முதன்முதலாக மிதித்தேன்.

வெய்யிடம் போனில் மொழிபெயர்க்கிற செயலியைத் திறந்து, “எங்கள் ஊரில் ஓடுகிற மோட்டாரை நிறுத்தாமல் அண்ணனிடம் கொடுப்போம்,” என்றேன். போன் என்ன சொன்னதோ, அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு அவர் போன் தமிழில் கேட்டது: “உங்கள் அண்ணன் வெளியே நிற்கிறாரா? உள்ளே வரச் சொல்லுங்கள்.” இனி இது சரிப்படாது என்று ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கிணற்றை வரைந்தேன், இரண்டு வயல், இரண்டு வாய்க்கால். ஒரு வாய்க்காலை அடைத்து மறு வாய்க்காலைத் திறந்துகாட்டினேன். வெய் சிரிக்க ஆரம்பித்தார். நன்றாகப் புரிந்துவிட்டது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. பிறகு என் கையிலிருந்து குச்சியை வாங்கி, கீழே கடைசியில் மூன்றாவதாக ஒரு வயலை வரைந்தார். “கடைசி வயல் என் அப்பாவுடையது. மேலே இருக்கிறவர்கள் தண்ணீர் திருப்பும்போது எங்களிடம் சொல்ல மாட்டார்கள். பயிர் காய்ந்தால் எங்கள் சோம்பேறித்தனம் என்பார்கள்,” என்றது போன். அப்புறம் அவரே சொன்னார், குழியில் கிடந்த குழாயின் வாயை மூடாமல் லீவுக்குப் போனது தான்தான் என்று.

இரண்டு நாள் கழித்து விசாரணை. நீர்த்துறைப் பொறியாளர், மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, நடுவில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் எங்கள் மேனேஜர், அந்தப் பக்கம் அவர்கள் மேனேஜர், கதவோரம் நின்றுகொண்டு நீமா. நான் எழுந்து, வால்வைத் திறந்தது நான், தொடாதே என்று இந்த அம்மாவைத் தடுத்ததும் நான் என்றேன். எங்கள் மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார். அதற்குள் வெய் எழுந்து, குழாய் வாயை மூடாதது நான் என்றார். அவர் மேனேஜர் முகமும் எங்கள் மேனேஜர் முகமும் அச்சில் வார்த்தது மாதிரி ஒன்றாகிவிட்டன. பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழியை இருவரும் சேர்ந்து சரி செய்யுங்கள் என்றார். பிறகு நீமாவைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

நீமா நிதானமாகச் சொன்னார்: “இவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுத்துக்கொள்கிறார்கள், சந்தோஷம். கிணறு எங்கள் ஊரில் இருக்கிறது. எங்கள் முறை எப்போது?”

பொறியாளர் அதையும் தாளில் குறித்துக்கொண்டார். அந்த வாரமே, குழியிலிருந்து எங்கள் மோட்டார் தண்ணீரை இறைக்க, அவர்கள் ஆட்கள் கம்பியைக் கழுவிக் கட்டினார்கள். அதே கையோடு கிணற்றடியில் மூன்றாவது வால்வு ஒன்றும் வந்தது. குழாய் எங்களுடையது, பள்ளம் தோண்டிய இயந்திரம் அவர்களுடையது, தண்ணீர் போவது ஊர்த் தொட்டிக்கு. இப்போது மூன்று முறை. காலையில் நாங்கள், மதியம் அவர்கள், சாயங்காலம் ஊர். நடுவில் ஜெனரேட்டரை யாரும் நிறுத்துவதில்லை, அடுத்த ஆள் வந்து நின்றபிறகுதான் வால்வை மாற்றுவோம். வேலையும் எனக்குப் போகவில்லை, நீமாவுக்கும் போகவில்லை. இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு கம்பெனியும் இன்னமும் முறுக்கிக்கொண்டுதான் நிற்கின்றன. அது அவர்கள் பாடு.

போன மாதம் விடுப்பில் ஊருக்கு வந்தேன். கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கும்போதே அப்பா நின்றிருந்தார். வழியெல்லாம் சீனாக்காரன் கதையைத்தான் கேட்டார். “ரெண்டு பேரும் எப்புடிலே பேசிக்கிறீங்க?” என்றார். போன் மொழிபெயர்க்கும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எனக்கும் ஒங்க பெரியப்பனுக்கும் அதுல ஏதாச்சும் வழி இருக்கா?” என்றார். சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை, நான் சிரித்துவிட்டேன்.

மறுநாள் ஐந்தரைக்கு, விசில் இல்லாமலே விழிப்பு வந்துவிட்டது. விசில் ஊதாததால் மனசுக்கு என்னமோபோல இருந்தது. மதியம் முறை மாற்ற அப்பா என்னை அனுப்பினார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மடையை அடைத்தேன், பெரியப்பா மடையை வெட்டிவிட்டேன். தண்ணீர் திரும்பி அந்தப் பக்கம் ஓடியது. வேலை முடிந்துவிட்டது, ஆனாலும் நான் மண்வெட்டியோடு வரப்பிலேயே நின்று அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னலே தேடுற?” என்று அப்பா களத்திலிருந்து கேட்டார்.

“மூணாவது மடையை, அப்பா,” என்றேன்.