எரிமலை பார்த்துத் திரும்பிய நாள்

பள்ளியின் புவியியல் சுற்றுலாவில் ஐஸ்லாந்து போய்வந்தேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அப்பாதான் "நீ போயிட்டு வா" என்று பிடிவாதமாக அனுப்பிவைத்தார். திரும்பியபோது சென்னை விமான நிலையத்தில் அவர் தம்பி மட்டும் நின்றிருந்தார்.

வாடகைக் காரில் எரிமலைக் கதையை ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். கருகிய தரை, புகை, கந்தக நாற்றம். சித்தப்பா ஒரு ம் கூடக் கொட்டவில்லை. நாலு வார்த்தை கேட்டால் என்ன என்று எனக்குக் கோபமாக வந்தது.

கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் எங்கள் மலை தெரிந்தது. எங்கே போய்த் திரும்பினாலும் மலை கண்ணில் பட்டதும் கும்பிடுவது ஊர்ப் பழக்கம். அப்பாவுக்காக வேண்டிக்கொண்டு கைகூப்பினேன்.

சித்தப்பா என் கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார்.

"வேணாம்மா. நமக்கு இப்போ தீட்டு."